ஏணியைப் பிடிக்க ஆளில்லை

மலாக்கா நகருக்கு வடக்கே செங், பாயா ரும்புட், புக்கிட் ரம்பாய் பக்கம் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு வீட்டில் வேலை நடந்துகொண்டிருக்கும். சமையலறையைப் பின்பக்கம் நீட்டுவார்கள். முன்வாசலில் கார் நிற்கக் கூரை போடுவார்கள். ஒழுகும் சீலிங்கை மாற்றுவார்கள், ஏர்கோன் மாட்டுவார்கள், தீபாவளி நெருங்கினால் பெயிண்டு அடிப்பார்கள். இரண்டு மூன்று நாள் வேலை. வருவது மூன்று பேர், ஒரு லோரி, ஓர் அலுமினிய ஏணி. சாரம் கட்ட மாட்டார்கள். சாரம் கட்டிப் பிரிக்கும் நேரத்தில் வேலையே பாதி முடிந்துவிடும் என்பது குத்தகைக்காரரின் கணக்கு. வீட்டுக்காரரும் அந்தக் கூடுதல் செலவை ஏற்கமாட்டார்.

அந்த ஏணியிலிருந்து ஒருவர் விழும்போது அக்கம்பக்கத்தில் சொல்லப்படுவது அநேகமாக ஒன்றுதான்: கால் தவறிவிட்டது, கவனமில்லை, நேரம் சரியில்லை. விழுந்தவரும் அதையேதான் சொல்வார். இந்தக் கட்டுரை அதை மறுப்பதற்காக எழுதப்படுகிறது. ஏணியில் நின்றவரின் கால் தவறுவதற்கு முன்பே நாலைந்து பேரின் கணக்கு தவறியிருக்கிறது. அவர்களில் யாருடைய பெயரும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பல நேரங்களில் விழுந்தவரின் பெயரே ஏறுவதில்லை.

முதலில், ஏணி ஏன் சறுக்குகிறது என்று பார்ப்போம். சுவரில் சாய்த்த ஏணியின் அடி எப்போதும் வெளிப்பக்கம் நழுவப் பார்க்கிறது. அதைத் தடுப்பது தரைக்கும் ஏணிக்காலில் உள்ள ரப்பருக்கும் இடையிலான பிடிமானம். ஆள் கீழ்ப்படியில் நிற்கும்போது கொஞ்சம் பிடிமானம் போதும். மேலே ஏற ஏறத் தேவை கூடிக்கொண்டே போகும். ஏணியின் சொந்த எடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், கால்வாசி உயரத்தில் நிற்கும்போது வேண்டியதைப்போல் 4 மடங்கு பிடிமானம் உச்சியில் நிற்கும்போது வேண்டும். ஏறும்போது அசையாமல் நின்ற ஏணி, வேலை செய்யும் உயரத்துக்குப் போனதும் சறுக்குவது இதனால்தான். ‘ஏறும்போது நல்லாத்தான் இருந்துச்சு’ என்று விழுந்தவர் சொன்னால் அது சமாதானம் அல்ல. உண்மையிலேயே அப்படித்தான் இருந்திருக்கும்.

உலகெங்கும் பாதுகாப்புப் பயிற்சிகளில் சொல்லித்தரும் விதி நான்குக்கு ஒன்று. ஏணி சுவரைத் தொடும் இடம் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிக்கால் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சாய்வு ஏறத்தாழ 75 பாகை வரும். அதே உயரத்துக்கு அடியை 2 மீட்டர் தள்ளி வைத்தால் தேவையான பிடிமானம் இரட்டிப்பாகிவிடும். சுவரோடு ஒட்டி வைத்தாலோ ஆள் பின்பக்கம் சாயும்போது ஏணியும் கூடவே வரும். விதி எளியதுதான். ஆனால் அது தரையில் இடம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. நம் வரிசை வீடுகளில் அந்த இடம் எங்கே இருக்கிறது? பின்பக்கம் சமையலறையை எல்லைவரை நீட்டிய வீடுகளில் சுவரைத் தாண்டியதும் லோங்காங், அதாவது சாக்கடை வாய்க்கால். ஏணியை எங்கே வைப்பது? ஒரு காலை லோங்காங்கின் சிமெண்டு மூடிமேலும் மறுகாலை ஈரப் புல்லிலும் வைத்து, அடியில் ஒரு பலகைத் துண்டைச் செருகிச் சமன் செய்கிறார்கள். முன்பக்கம் கார் நிற்கும் இடத்தில் வழவழப்பான டைல். மாலை மூன்று நான்கு மணிக்கு இடி இடித்துப் பெய்துவிட்டுப் போகும் மழை, அதற்குமேல் சுரண்டிய பழைய பெயிண்டின் தூள். இந்தத் தரையில் ஏணிக்கால் ரப்பர் புதியதாக இருந்தாலே சந்தேகம், தேய்ந்திருந்தால் சொல்லவேண்டியதில்லை.

இரண்டு பக்கமும் கால் விரித்து நிற்கும் ஏணி சறுக்குவது குறைவு. அது பக்கவாட்டில் சாயும். சீலிங்கைத் துளைக்கும்போது டிரில் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. சுவரைத் துளைக்கும்போது பக்கவாட்டில். சுவரைத் தள்ளுகிற அதே விசை ஏணியையும் எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. கைக்கு எட்டாத இடத்துக்காக இறங்கி ஏணியை நகர்த்தாமல் உடம்பை நீட்டினால் எடை இரண்டு கால்களுக்கு வெளியே போய்விடும். இடுப்பு வார் ஏணியின் இரு பக்கச் சட்டங்களுக்கு உள்ளேயே இருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்வார்கள். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை இறங்கி நகர்த்தி ஏறவேண்டிய வேலையில், சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குபவர், எத்தனை தடவை அதைச் செய்வார்? கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதே பாதுகாப்பின் ஒரு பகுதி. இதைப் பாதுகாப்புச் சுவரொட்டிகள் சொல்வதில்லை.

ஒயரிங் வேலைக்கு அலுமினிய ஏணி கொண்டுபோவது தனி ஆபத்து. மின்சாரம் பாய்ந்து சாவது ஒருபக்கம் இருக்கட்டும். உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு சின்ன ஷாக்கே போதும், கை தன்னையறியாமல் உதறும், பிடி விடும். பிறகு நடப்பதை மின்சார விபத்து என்று யாரும் எழுதுவதில்லை, விழுந்ததாகத்தான் எழுதுவார்கள். ஒயரிங்காரருக்குக் கண்ணாடியிழை ஏணி வேண்டும். அது விலை கூடியது, கனமும் கூடியது. இருக்கிற அலுமினிய ஏணியையே எல்லா வேலைக்கும் தூக்கிப்போவது இங்கே வழக்கமாகிவிட்டது. பழைய அஸ்பெஸ்டாஸ் கூரைமேல் ஏணியைச் சாய்த்து ஏறி, ஓட்டைத் துளைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே விழுவதும் இந்தக் குடும்பத்து விபத்துதான்.

உயரம் குறைவுதானே என்பது அடுத்த மயக்கம். 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் தரையைத் தொட முக்கால் விநாடிகூட ஆகாது. தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர். 3 மீட்டரிலிருந்து என்றால் 27-ஐத் தாண்டும். அந்த வேகத்தில் சைக்கிளிலிருந்து சிமெண்டுச் சுவரில் மோதுவதாக நினைத்துப் பார்த்தால் புரியும். கையை ஊன்றி விழுபவருக்கு மணிக்கட்டு நொறுங்கும். நின்றபடியே விழுபவருக்குக் குதிகால் எலும்பு உடையும். குதிகால் உடைந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இடுப்பு முதுகெலும்பும் உடைந்திருக்கும் என்று எலும்பு மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். கால் வலி பெரிதாக இருப்பதால் முதுகு வலியை மறந்துவிடுவார்கள் என்பதற்காக அந்த எச்சரிக்கை. முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கினால் இடுப்புக்குக் கீழே உணர்வே போய்விடலாம்.

தலை அடிபட்டவர் விஷயம் இன்னும் ஏமாற்றக்கூடியது. விழுந்தவர் எழுந்து உட்கார்வார், தண்ணீர் வாங்கிக் குடிப்பார், ‘ஒன்னும் இல்ல, வேலையப் பாருங்க’ என்பார். மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே கிழிந்த இரத்தக்குழாய் அதற்குள் கசிந்துகொண்டே இருக்கும். ஓரிரு மணி நேரத்தில் தலைவலி, வாந்தி, மயக்கம். வேலையிடத்தில் ஓர் ஓரமாகப் படுக்கவைத்து ‘தூங்கட்டும்’ என்று விட்டுவிட்டால் அவர் எழுந்திருக்காமலே போகலாம். தலை தரையில் பட்டு விழுந்த எவரும், பேசினாலும் நடந்தாலும், மருத்துவமனைக்குப் போயே ஆகவேண்டும். முதுகு வலிக்கிறது என்பவரைக் கையையும் காலையும் பிடித்து லோரியில் தூக்கிப் போடக் கூடாது. 999-க்கு அழைத்து அசையாமல் வைத்திருக்க வேண்டும்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கை, 2011 என்ற ஒரே ஆண்டில் அந்நாட்டில் வேலை செய்யும்போது ஏணியிலிருந்து விழுந்து இறந்தவர்கள் 113 பேர் என்றது. விழுந்து அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வந்த கட்டுமானத் தொழிலாளர்களில் 81 விழுக்காட்டினர் விழுந்ததில் ஏணிக்குத் தொடர்பு இருந்தது. அந்த அறிக்கையில் என்னை நிறுத்திய செய்தி வேறு. மரண விகிதம் மிக அதிகமாக இருந்தது, ஆள்பலம் மிகக் குறைந்த நிறுவனங்களில். சம்பளத்துக்கு வேலை செய்பவர்களைவிடச் சொந்தமாகத் தொழில் செய்பவர்களிடம். வயது ஏற ஏற விகிதமும் ஏறியது. வானளாவிய கட்டடங்களில் பாதுகாப்பு அதிகாரி இருக்கிறார், வலை இருக்கிறது, இடுப்பு வார் இருக்கிறது. சாவு அதிகம் தேடிப்போவது மூன்று பேர் கொண்ட கூட்டத்தை. ஐம்பது வயதைத் தாண்டிய பெயிண்டர், தனியாக வந்து ஏர்கோன் மாட்டும் ஆள். அந்த வர்ணனை பாயா ரும்புட்டுக்கு எழுதியதுபோல இருக்கிறது.

அது இவ்வளவு பொருந்துவதற்குக் காரணம் இந்த வட்டாரத்தின் வரலாறு. மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் முதன்முதலாகப் பயிரானது மலாக்காவில்தான். டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார்; இரண்டு ஆண்டுகளில் புக்கிட் அசாஹானில் பெரும் பரப்பில் தொடர்ந்தார். அதைப் பின்பற்றி எழுந்த தோட்டங்களில்தான் தமிழர் குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறை லயங்களில் வாழ்ந்தன. ஏணி அவர்களுக்குப் புதிதல்ல. கீழ்ப்பட்டை தீர்ந்த முதிய பால்மரங்களில் மேல்பட்டையை வெட்ட ஏணிதான். விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் அதைச் சுமந்துபோய்ச் சாய்த்து ஏறி இறங்கினார்கள், பெண்களும்தான். ஈர மண், வேர், சரிவு. அங்கேயும் விழுந்தார்கள்.

தோட்ட வாழ்வைப் பொற்காலமாக்கிப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கூலி குறைவு, வீடு முதலாளியுடையது, வேலை போனால் வீடும் போகும். ஆயினும் விழுந்தவருக்கு ஒரு முகவரி இருந்தது. மண்டோர் பார்த்திருப்பார், கிராணி பதிவு எழுதுவார், தோட்டத்து டிரெசர் கட்டுப்போடுவார், பெரிய காயமானால் மருத்துவமனைக்கு அனுப்புவார். 1952-இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இருந்தது. 1969-இன் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1971-இல் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம் வந்தது. இழப்பீடு போதுமானதாக இருந்ததா என்பது வேறு கேள்வி. வேலையில் விழுந்தார், இந்தத் தோட்டத்தில் விழுந்தார் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகி, பிறகு வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியபோது அந்த முகவரி மறைந்தது. பிள்ளைகளில் படித்தவர்கள் அலுவலகங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். மற்றவர்கள் எங்கே வேலை இருந்ததோ அங்கே போனார்கள்: தங்கள் பெற்றோர் பால் வெட்டிய மண்ணில் எழும் வீடுகளுக்குப் பெயிண்டு அடிக்க, ஒயர் இழுக்க, கூரை மாட்ட. வேலை கைமாறிக் கைமாறி வருகிறது. வீட்டுக்காரர் ஒருவரிடம் மொத்தமாகப் பேசுவார். அவர் சீலிங் வேலையை ஒருவருக்கும் பெயிண்டை இன்னொருவருக்கும் கொடுப்பார். வேலையை எடுத்தவர் நாள் கூலிக்கு இருவரை அழைத்துவருவார். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் பணம் நின்றுவிடும். கடைசியாகக் கரைவது ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கவேண்டிய மூன்றாவது ஆளின் கூலி. பார்ப்பவர் கண்ணுக்கு அவர் சும்மா நிற்பதாகத் தெரிவார். ஆகவே அவரையும் ஒரு பிரஷ் கொடுத்து வேறு சுவருக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். ஐம்பத்தைந்து வயது, முப்பது ஆண்டு பெயிண்டர், முன்வாசல் கூரையின் விளிம்பை அடிக்கும்போது ஏணி சறுக்கி விழுகிறார். குதிகால் எலும்பு நொறுங்குகிறது. குடிமகனுக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சைச் செலவு பெரிய சுமை இல்லை. சுமை பிறகுதான் வருகிறது. பல வாரம் அந்தக் காலை ஊன்றக் கூடாது. ஊன்றத் தொடங்கிய பின்னும் ஏணிப்படியில் பாதத்தை அழுத்தி நிற்கப் பல மாதம் ஆகும். சிலருக்கு அது முடியாமலே போகிறது. கையில் எம்சி என்ற மருத்துவ விடுப்புச் சான்று இருக்கிறது, எம்சியைக் கொடுக்க முதலாளி இல்லை. வேலைக்கு அழைத்துவந்த கெப்பாலா ஒருநாள் பழம் வாங்கிக்கொண்டு வந்து ஐந்நூறு வெள்ளி கொடுத்துவிட்டுப் போவார். நல்ல மனிதர் என்றே வீட்டில் சொல்வார்கள். உண்மையில் நல்ல மனிதராகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஐந்நூறு வெள்ளியோடு கணக்கு முடிந்தது.

இந்தக் கதையின் போக்கை மாற்றக்கூடிய இடம் மருத்துவமனைப் பதிவு முகப்பு. எப்படி விழுந்தீர்கள் என்று கேட்கும்போது, வேலையிடத்தில் என்று சொன்னால் ஒரு வழி திறக்கிறது. வீட்டில் என்று சொன்னால் அது மூடிவிடுகிறது. கெப்பாலாவுக்குத் தொல்லை வரக்கூடாது, அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார் என்ற அச்சத்தில் வீட்டில் விழுந்ததாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த ஒரு வரி மருத்துவப் பதிவில் ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம். 2004-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒருவரை நான்கு நாளுக்குமேல் வேலை செய்யமுடியாமல் ஆக்கும் விபத்தை முதலாளி தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கு, அதாவது ஜேகேகேபிக்கு, 7 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். சொக்சோவுக்கு அறிவிக்க 48 மணி நேரம். மூன்று பேர் கூட்டத்தில் இதை யார் அறிவிப்பார்? அறிவிக்காத விபத்து புள்ளிவிவரத்தில் வராது. புள்ளிவிவரத்தில் வராததைத் தடுக்கத் திட்டம் போட மாட்டார்கள். உயர்ந்த கட்டடத்தில் நடக்கும் மரணம் மறுநாள் நாளிதழில் வரும். முன்வாசலில் நொறுங்கும் குதிகால் எங்கும் வராது.

சட்டம் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நெடுங்காலம் நம் விதிகள் பத்தடி உயரத்தை எல்லையாக வைத்தே பேசின. 1970-இன் பாதுகாப்பு விதிகளில், பத்தடிக்குமேல் விழக்கூடிய இடத்தில் வேலை செய்பவருக்குத்தான் தனிப் பாதுகாப்பு ஏற்பாடு கட்டாயம். ஏணி விபத்துகளில் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்குக் கீழேயே நடந்துவிடும். பிரிட்டன் 2005-இல் உயரத்து வேலை விதிகளைப் புதிதாக எழுதியபோது இப்படியோர் எல்லையே வேண்டாம் என்று எடுத்துவிட்டது. விழுந்தால் காயம்படக்கூடிய எந்த உயரமும் உயரமே. நம் நாட்டில் 1994-இன் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்கு 2022-இல் கொண்டுவந்த திருத்தம் 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்தது. வீட்டுப் பணியாளர், ஆயுதப் படை, கப்பல் வேலை போன்ற சில விலக்குகள் போக, எல்லா வேலையிடமும் இப்போது அதற்குள் அடக்கம். அபராத உச்சம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளிக்கு ஏறியது. வேலையைத் தொடங்கும் முன் ஆபத்தை மதிப்பிடுவது முதலாளியின் கடமை. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பக் காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி சரிசெய்யாவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு.

கடைசியாகச் சொன்னது பெரிய உரிமை. ‘இந்த ஏணி ஆடுகிறது, வேறு ஏணி வந்தால்தான் ஏறுவேன்’ என்று சொல்லலாம். நாள் கூலிக்காரர் அதைச் சொன்னால் மறுநாள் வேறொருவர் வருவார் என்பதும் தெரிந்ததுதான். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருப்பவர் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும் என்கிறது அதே திருத்தம். மூன்று பேர் கூட்டத்துக்கு அதுவும் இல்லை. வேலையைத் தன் தொழிலுக்காகக் கொடுப்பவர்மீதும் சட்டம் கடமை வைக்கிறது. தன் வீட்டுச் சமையலறையை நீட்டும் குடும்பத் தலைவர் அதற்குள் வருவதில்லை. கட்டுமானத் துறை வாரியத்தின் வரி 5 லட்சம் வெள்ளியைத் தாண்டும் ஒப்பந்தங்களுக்குத்தான். கட்டுமானத் தொழிலாளர் பதிவுக்கான பச்சை அட்டையைக் கேட்கும் காவலாளி பெரிய வேலையிடத்து வாசலில்தான் நிற்பார். சின்ன வேலையை எட்டும்போது சட்டத்தின் கை குட்டையாகிவிடுகிறது.

இங்கே வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் மறக்கக் கூடாது. கொங்சியில் தங்கிக்கொண்டு அதே ஏணியில் ஏறும் வங்காளதேச, இந்தோனேசிய, தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 2019 ஜனவரி 1 முதல் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். அதற்குமுன் அவர்களுக்குப் பழைய 1952 சட்டம்தான். முறையாகப் பதிவுபெற்று வேலை செய்பவருக்கே இது பொருந்தும். முறையான ஆவணமில்லாமல் ஏணியில் நிற்பவர் விழுந்தால் மருத்துவமனை வாசலைக்கூட மிதிக்கத் தயங்குவார். மலேசியக் குடிமகனுக்கும் அவருக்கும் எலும்பு ஒன்றுதான்.

குடிமக்களான நம்மவர்களுக்கு ஒரு வழி திறந்தே கிடக்கிறது, பெரும்பாலோர் அதில் நுழையவில்லை. 2017-இல் வந்த சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதலில் டாக்சி, இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்கு மட்டும் இருந்தது. 2020 ஜனவரி முதல் கட்டுமானம் உட்பட மேலும் 19 துறைகளுக்கு விரிந்தது. அப்போது வைத்த மிகக் குறைந்த சந்தா ஆண்டுக்கு 157 வெள்ளி 20 காசு. ஒரு நாளைக்கு 43 காசு. மிக உயர்ந்தது 592 வெள்ளி 80 காசு. வேலையில் விழுந்தால் சிகிச்சை, எம்சியில் இருக்கும் நாள்களுக்குத் தற்காலிக ஊனமுற்றோர் உதவித்தொகை, நிரந்தர ஊனமானால் அதற்குரிய தொகை, இறந்தால் குடும்பத்துக்கு உதவி. நாள் உதவித்தொகைக்கு அடித்தளமாக 30 வெள்ளி. ஐம்பத்தைந்து வயதுப் பெயிண்டர் நான்கு மாதம் படுத்திருந்தால் கெப்பாலாவின் ஐந்நூறு வெள்ளிக்குப் பதில் 3,600 வெள்ளி வீட்டுக்கு வந்திருக்கும், அதுவும் மிகக் குறைந்த சந்தாவில். நிபந்தனை ஒன்றுண்டு: விழுவதற்கு முன் பதிந்திருக்க வேண்டும்.

அந்தப் பெயிண்டர் சுயதொழில் செய்பவரா, ஒருவரின் தொழிலாளியா என்பது வேறு சிக்கல். ஏணி, பிரஷ், பெயிண்டு எல்லாம் கெப்பாலாவுடையது, நேரமும் அவர் சொல்வதுதான் என்றால், வாயால் ‘குத்தகை’ என்று சொன்னாலும் அந்த உறவு முதலாளி-தொழிலாளி உறவே என்று வாதாட இடமிருக்கிறது. அப்போது சொக்சோவுக்குக் கட்டவேண்டியவர் கெப்பாலா. அவர் கட்டாமல் விட்டது தொழிலாளியின் குற்றமாகாது, புகார் செய்யத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு வார இறுதியிலும் வாங்கிய கூலியை ஒரு சின்னப் புத்தகத்தில் தேதியோடு எழுதிவைப்பதும், வாட்சாப்பில் ‘நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்கண்ணே’ என்று வந்த செய்தியை அழிக்காமல் வைப்பதும் அந்த வாதத்துக்கு உதவும். தோட்டத்தில் கிராணி செய்ததைத் தாமானில் தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

தமிழ்நாடு இந்தச் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அணுகியது. 1982-இன் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. முதலாளியைத் தேடிப்பிடிக்காமல், தொழிலாளியையே ஆளாளாகப் பதிந்து அட்டை கொடுக்கும் முறை. கொத்தனார், சித்தாள், பெயிண்டர் என்று தொழிலின் பெயரோடு பதிவு. 1996-இல் இந்திய அரசு கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டளவு நல வரி பிரிக்கச் சட்டம் செய்தது. அங்கே பதிவு புதுப்பிப்பிலும் பணம் போய்ச்சேர்வதிலும் குறைகள் ஏராளம். எனினும் ‘யாருடைய ஆள் நீ’ என்று கேட்காமல் ‘என்ன வேலை செய்கிறாய்’ என்று கேட்டதை நாம் கவனிக்க வேண்டும். அதன் பின்னால் கட்டுமானத் தொழிற்சங்கங்களின் நெடுங்காலப் போராட்டம் இருந்தது. இங்கே பெயிண்டருக்கும் ஒயரிங்காரருக்கும் அப்படிப்பட்ட சங்கம் இல்லை. நம்மிடம் இருப்பது கோயில் நிர்வாகங்கள், இளைஞர் மன்றங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள்.

கோயில் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. செங்கில் சந்நாசிமலை ஆண்டவர் கோயிலின் மாசி மகம் என்றால் இந்த வட்டாரமே கூடும். எந்தக் கோயில் திருவிழாவானாலும் பந்தல் போடுவதும் தோரணம் கட்டுவதும் விளக்குச் சரம் இழுப்பதும் பெரும்பாலும் நம் பையன்கள்தான். பக்தியோடு, கூலியில்லாமல், இரவு பதினொரு மணிக்கு, கால் ஒடிந்த ஏணியில் ஏறுவார்கள். திருப்பணிக் கணக்கில் பூமாலைக்கும் நாதஸ்வரத்துக்கும் தனி வரி இருக்கும், இரண்டு நல்ல ஏணிக்கும் அதைப் பிடிக்கும் ஆளுக்கும் வரி இருக்காது. ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் பந்தலுக்கு ஏறும் பிள்ளையை நிர்வாகம் பார்த்துக்கொள்ள வேண்டும். தொண்டர்கள் சொக்சோ தொழிலாளர்கள் அல்ல; விழுந்தால் எந்த வழியும் இல்லை. விழாவுக்குத் தனிநபர் விபத்துக் காப்புறுதி எடுப்பது கடினமான காரியமில்லை.

பாயா ரும்புட்டிலிருந்து அரை மணி நேரக் கார்ப் பயணத்தில், ஹங் துவா ஜெயாவில், சொக்சோவின் துன் ரசாக் மறுவாழ்வு மையம் இருக்கிறது. 2014-இல் திறக்கப்பட்டது. முதுகுத்தண்டு அடிபட்டவருக்கும் கால் இழந்தவருக்கும் நடைப் பயிற்சி, நீர்ப் பயிற்சி, கைத்தொழில் பயிற்சி என்று பழைய வேலைக்கோ புதிய வேலைக்கோ திரும்ப ஆயத்தம் செய்யும் இடம். 2007-இல் தொடங்கிய மீண்டும் வேலைக்குத் திட்டம் அதன் அடித்தளம். நாடெங்கிலுமிருந்து ஆட்களை இங்கே அனுப்புகிறார்கள். பக்கத்திலேயே விழுந்த பெயிண்டருக்கு இதன் கதவு திறப்பது, அவர் பெயர் சொக்சோ பதிவில் இருந்தால்தான்.

ஆகவே என் வேண்டுகோள் சின்னது, நாள் குறித்துச் செய்யக்கூடியது. தீபாவளிக்கு மூன்று மாதம் முன்பு பெயிண்டு வேலை சூடுபிடிக்கும். அதற்கு முந்தைய மாதம் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, செங்கிலும் பாயா ரும்புட்டிலும் கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ சுயதொழில் பதிவை நடத்தச் சொக்சோ அலுவலகத்துக்குக் கடிதம் எழுதலாம். பெயிண்டரும் ஒயரிங்காரரும் அடையாள அட்டையோடு வந்தால் போதும். சந்தாப் பணம் புரட்ட முடியாதவருக்கு முதலாண்டுச் சந்தாவைக் கோயில் நிதியிலிருந்தோ, வேலை கொடுக்கும் வீட்டுக்காரரிடமிருந்தோ வாங்கலாம். வீட்டுக்காரர்கள் விலை பேசும்போதே ஏணி பிடிக்க ஓர் ஆள் உண்டா, சொக்சோ உண்டா என்று இரண்டு கேள்வி கேட்கலாம். அந்த மூன்றாவது ஆளின் நாள் கூலியை விலையில் சேர்த்துக் கொடுக்கலாம்.